கடலை எண்ணெயும் கல்லீரல் கொழுப்பும்

இரண்டு இதழாக என் பக்கத்தைக் காணோமே என்று கேட்டு எழுதிய சகோதரிகளுக்கு முதலில் என் நன்றி. ஆவக்காய் பக்குவம் கேட்ட மதுராந்தகம் சகோதரி கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு மாதமாக எனக்குச் சமையலறையை விட ஸ்கேன் அறை வாசலில்தான் அதிக நேரம் போயிற்று. அங்கே உட்கார்ந்து தெரிந்துகொண்டதைத்தான் இந்த முறை எழுதப் போகிறேன். கொஞ்சம் கணக்கு வரும். பயப்படாதீர்கள், பால் கணக்கு போடத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிசில்லை.

என் தம்பிக்கு நாற்பத்திரண்டு வயது. குடி, சிகரெட், வெற்றிலை பாக்கு எதுவும் கிடையாது. ஆறேழு வருஷமாகச் சர்க்கரை வியாதி உண்டு, கொஞ்சம் தொந்தி உண்டு, அவ்வளவுதான். போன வருஷம் கால் வீங்க ஆரம்பித்தது. பிறகு வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. கண் மஞ்சளித்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது கல்லீரல் சுருங்கிக் கரடு தட்டிப் போய்விட்டது, சிரோஸிஸ் என்று சொல்லிவிட்டார்கள். ஊரில் என்ன பேசினார்கள் தெரியுமா? "ரகசியமாகக் குடித்திருப்பான்" என்றார்கள். ஈரல் கெட்டால் குடிதான் காரணம் என்று நாமே ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கிறோமே! பல வருஷமாக ஈரலில் கொழுப்பு படிந்து, அது புண்ணாகித் தழும்பாகி, இந்த நிலைக்கு வந்திருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். அதைக் கேட்ட பிறகும் சிலர் நம்பவில்லை. என்னத்தைச் சொல்ல!

வேறு ஈரல் வைப்பது ஒன்றுதான் வழி என்றார்கள். மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைக்கப் பதிந்து வைத்துக் காத்திருக்கலாம். அல்லது குடும்பத்தில் ஒருவர் தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். கொடுத்த ஈரல் மறுபடி வளரும் என்பதால்தான் இது முடிகிறது. நம் பக்கத்துக்கு இது புதிதுமல்ல. இந்தியாவில் முதன்முதலாக வெற்றிகரமாக ஈரல் மாற்று ஆபரேஷன் நடந்தது 1998 நவம்பரில், டில்லியில். செய்துகொண்டது யார் தெரியுமா? நம் காஞ்சிபுரத்துக் குழந்தை. இரண்டு வயதுகூட நிறையவில்லை. பித்த நாளம் அடைத்துப் பிறந்த அந்தக் குழந்தைக்குத் தகப்பனார் தன் ஈரலில் ஒரு துண்டு கொடுத்தார். அந்தப் பிள்ளை வளர்ந்து டாக்டராகவே ஆகிவிட்டான். இப்போது சென்னையில் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலும் இந்த ஆபரேஷன் செய்கிறார்கள். காஞ்சிபுரம் கதையைச் சொல்லித்தான் அம்மாவைச் சமாதானப்படுத்தினேன்.

நான் கொடுக்கிறேன் என்றேன். எனக்கும் சர்க்கரை இருப்பதால் தள்ளிவிட்டார்கள். "நான் இருக்கும்போது நீங்கள் எதுக்கு அக்கா?" என்று முன்னால் வந்தவள் தம்பி மனைவி. வயது முப்பத்தாறு, இரண்டு குழந்தைகள். (இந்த மாதிரி இடத்தில் கொடுக்க வரிசையில் நிற்பது பெரும்பாலும் பெண்கள்தான் என்பதை அங்கே உட்கார்ந்து கண்ணால் பார்த்தேன். அதைப் பற்றி இன்னொரு நாள் ஆத்திரம் தீர எழுதுகிறேன்.) ரத்த வகை பொருந்தியது. ஆள் ஒல்லி. உயரம் 154 சென்டிமீட்டர், எடை 54 கிலோ. இவளுக்கு என்ன குறை இருக்கப்போகிறது என்று நாங்கள் தைரியமாக இருந்தோம்.

முதலில் எங்கள் பக்கத்திலேயே ஒரு இடத்தில் அல்ட்ரா சவுண்ட் எடுத்தோம். "ஃபாட்டி லிவர், முதல் நிலை" என்று எழுதிக் கொடுத்தார்கள். திக்கென்றது. ஒல்லியான பெண்ணுக்கு ஈரலில் கொழுப்பா? பிறகு வேறொரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. எடுத்ததில் 18 சதவிகிதம் கொழுப்பு என்று வந்தது. இவ்வளவு இருந்தால் கொடுக்க முடியாது என்று யாரோ சொல்ல, அவள் அன்று இரவு முழுக்க அழுதாள். மூன்று நாள் கழித்து ஆபரேஷன் செய்யப்போகிற ஆஸ்பத்திரியில் அவர்கள் முறைப்படி மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 11 சதவிகிதம்.

அதே ஈரல், மூன்றே நாள் இடைவெளி, ஆனால் எண் மட்டும் வேறு! பழையரிசி கடையில் ஒரு படியும் புதுக்கடையில் ஒரு படியும் போட்ட மாதிரி இருக்கிறதே என்று எனக்குக் கோபம் வந்தது. இது சும்மா தெரிந்துகொள்கிற சமாசாரம் இல்லையே. கொழுப்பு அதிகமான ஈரலை வைத்தால் தம்பி உடம்பில் அது சரியாக வேலை செய்யாமல் போகலாம். இவளுக்கு மிச்சமிருக்கிற பாதிக்கும் குறைவான ஈரல் வளர்வதற்கும் அது தடை. அதிகமாக அளந்தால் கொடுக்கக்கூடியவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குறைவாக அளந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. அந்த ஸ்கேன் பிரிவில் ஒரு லேடி டாக்டர் இருந்தார். நான் கேட்டதற்கு முகம் சுளிக்காமல், ஒரு பேப்பரை எடுத்துப் படம் போட்டுச் சொன்னார். நான் பத்தாவது வரை படித்தவள். எனக்குப் புரிந்தது உங்களுக்கும் புரியும்.

நம் படாளத்துப் பக்கம் கறவை மாடு வைத்திருப்பவர்களுக்குப் பால் சொசைட்டியில் கொழுப்பு பார்த்துத்தான் காசு. முன்னெல்லாம் லாக்டோமீட்டரை மிதக்க விட்டுப் பார்ப்பார்கள். அது கொழுப்பை அளப்பதே இல்லை, பாலின் அடர்த்தியைத்தான் அளக்கிறது. தண்ணீர் கலந்தால் அடர்த்தி குறையும், காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் முதலில் ஏட்டை எடுத்துவிட்டு, அதற்கப்புறம் தண்ணீர் ஊற்றினால்? கொழுப்பு போனதில் அடர்த்தி ஏறும், தண்ணீரால் இறங்கும். இரண்டும் சரிக்குச் சரியாகி லாக்டோமீட்டர் "நல்ல பால்" என்று சொல்லிவிடும். அதனால்தான் கெர்பர் முறை என்று ஒன்று வந்தது. 10.75 மில்லி பாலுக்கு 10 மில்லி கந்தக அமிலம், 1 மில்லி ஆமைல் ஆல்கஹால் சேர்த்து, குழாயைச் சுழல விட்டால் கொழுப்பு தனியாக மேலே வந்து நிற்கும். குழாயில் போட்டிருக்கிற கோட்டைப் பார்த்துப் படித்துவிடலாம்.

ஈரலை அப்படிக் குழாயில் போட முடியுமா? ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்ப்பது ஒரு வழி. ஆனால் ஊசியில் வருவது முழு ஈரலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதானாம். ஒரு மூட்டை அரிசியில் ஒரு கையளவுகூட இல்லை, சில அரிசியை எடுத்துப் பார்த்து மூட்டைக்கு விலை சொல்வது போல. ஈரலில் கொழுப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராகவும் படிவதில்லை. ரத்தக் கசிவு பயமும் உண்டு. அல்ட்ரா சவுண்டோ, பார்ப்பவர் கண்ணை நம்பியது. கொழுப்பு கொஞ்சமாக இருந்தால் தவறவிட்டுவிடும், எண்ணும் தராது. அதனால்தான் எம்.ஆர்.ஐ.

எம்.ஆர்.ஐ. என்பது ஒரு பெரிய காந்தம். சாதாரணமாக ஆஸ்பத்திரிகளில் இருப்பது 1.5 டெஸ்லா. பூமியின் காந்தத்தைப் போல முப்பதாயிரம் மடங்குக்கு மேல் வலுவானது. அதில் கதிரியக்கம் கிடையாது. நம் உடம்பில் உள்ள தண்ணீரிலும் கொழுப்பிலும் ஹைட்ரஜன் இருக்கிறது. அந்தக் காந்தத்துக்குள் ரேடியோ அலையால் ஒரு தட்டு தட்டினால் இந்த ஹைட்ரஜன்கள் பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டு பதில் குரல் கொடுக்கும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் மெஷின் படம் போடுகிறது.

இங்கேதான் சுவாரஸ்யம். தண்ணீர் ஹைட்ரஜனை விடக் கொழுப்பு ஹைட்ரஜன் ஒரு துளி மந்தமாகச் சுற்றும். எவ்வளவு தெரியுமா? தண்ணீர் பத்து லட்சம் சுற்றினால் கொழுப்பு மூன்று, மூன்றரைச் சுற்று பின்தங்கும். அவ்வளவு சின்ன வித்தியாசம்! ஒரே உரலில் இரண்டு பெண்கள் உலக்கை போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி கை கொஞ்சம் மந்தம். ஆரம்பத்தில் இரண்டு உலக்கையும் சேர்ந்து விழும். கொஞ்ச நேரத்தில் ஒருத்தி தூக்கும்போது இன்னொருத்தி போடுவாள். பிறகு மறுபடி சேரும். 1.5 டெஸ்லா மெஷினில் ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்தால், ஏறக்குறைய 4.6 பங்குக்கு ஒரு தரம் இரண்டும் சேர்ந்து விழும். அதில் பாதி, 2.3-ல் எதிரெதிராக நிற்கும்.

சேர்ந்து விழும்போது கேட்கிற குரல் தண்ணீரும் கொழுப்பும் கூட்டினது. எதிரெதிராக நிற்கும்போது ஒன்றை ஒன்று அமுக்கிவிடுவதால் கேட்பது ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தது. சேர்ந்தபோது 100, எதிர்த்தபோது 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 90, அது தண்ணீர். கழித்துப் பாதியாக்கினால் 10, அது கொழுப்பு. ஆக 10 சதவிகிதம். இந்தக் கூட்டல் கழித்தல் யோசனையை 1984-ல் டிக்ஸன் என்பவர் எழுதினார். அவர் பெயராலேயே டிக்ஸன் முறை என்கிறார்கள். பெரிய விஞ்ஞானம் என்று மிரண்டுகொண்டிருந்தேன், கடைசியில் நாலாவது வகுப்புக் கணக்கு!

அப்படியானால் 18-ம் 11-ம் எப்படி வந்தது? லேடி டாக்டர் சிரித்தார். "அம்மா, உங்கள் லாக்டோமீட்டர் கதைதான்" என்றார். இந்த இரண்டே குரல் கேட்கிற பழைய முறையில் பல கள்ளக் கணக்குகள் புகுந்துவிடுமாம். அவர் சொன்னதில் எனக்கு நினைவிருப்பதை எழுதுகிறேன்.

ரேடியோ தட்டு தட்டிய பிறகு ஹைட்ரஜன் ஓய்வெடுத்துப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். கொழுப்பு சீக்கிரம் தெளிந்து எழுந்துவிடும், தண்ணீருக்கு நேரம் பிடிக்கும். இடைவெளி கொடுக்காமல் பலமாகத் தட்டிக்கொண்டே இருந்தால், தண்ணீர் களைத்துப் போய்க் குரல் குறையும். கொழுப்போ புதுத் தெம்போடு பதில் சொல்லும். மெஷின் என்ன செய்யும்? கொழுப்புதான் அதிகம் என்று எழுதிவிடும். எங்கள் 18 அப்படி ஏறின 18 என்பது அவர் கருத்து. இதற்கு மருந்து, மெல்லத் தட்டுவது. மெல்லத் தட்டினால் இரண்டுமே களைப்பதில்லை.

இதற்கு நேர் எதிரான தப்பு இரும்புச் சத்தால் வருவது. ஈரலில் இரும்பு சேர்ந்திருந்தால் எல்லாக் குரலும் சீக்கிரம் அடங்கிவிடும். எதிர்த்த குரலை முதலிலும் சேர்ந்த குரலைப் பிறகும் கேட்பதால், பிந்திக் கேட்டது கம்மியாகக் கேட்கும். கழித்தால் கொழுப்பு குறைவாகத் தெரியும், சில சமயம் இல்லவே இல்லை என்றும் வந்துவிடும். அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்கிற தலசீமியா குழந்தைகள் போன்றவர்களுக்கு இது பெரிய விஷயம். ஒரே ஆளுக்கு இரண்டு தப்பும் சேர்ந்து வந்து சரிக்குச் சரியானால், எண் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் நம்ப முடியாது. ஏடெடுத்துத் தண்ணீர் ஊற்றின பால்தான்!

இன்னொன்று, கொழுப்பு என்பது ஒரே குரல் இல்லையாம். ஒரு கும்மிக் கூட்டம் மாதிரி. பத்தில் ஏழு பங்கு ஒரே தாளத்தில் இருக்கும். மீதி ஆளுக்கொரு தாளம். அதில் ஒன்று தண்ணீரின் தாளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பழைய கணக்கு அதைத் தண்ணீர் என்றே எழுதிவிடும். புது முறையில் இந்தக் கும்மிக் கூட்டத்தின் எல்லாத் தாளத்தையும் முன்கூட்டியே கணக்கில் எழுதி வைத்துவிடுகிறார்கள். இரண்டு தரம் கேட்பதற்குப் பதிலாக, பெரும்பாலும் ஆறு தரம், வெவ்வேறு நொடித்துளியில் கேட்கிறார்கள். ஆறு தரம் கேட்பதால் குரல் எவ்வளவு வேகமாக அடங்குகிறது என்பதும் தெரிந்துவிடும். இரும்பினால் வந்த தப்பைத் திருத்தி, கூடவே ஈரலில் இரும்பு எவ்வளவு என்பதற்கும் ஒரு கணக்கு தந்துவிடும். இப்படியெல்லாம் திருத்தி வருகிற எண்ணுக்குப் பி.டி.எஃப்.எஃப். என்று பெயர். ரிப்போர்ட்டில் இந்த எழுத்துக்கள் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் முதல் ரிப்போர்ட்டில் இல்லை. இரண்டாவதில் இருந்தது.

எண் சரியா என்று எதை வைத்துச் சரிபார்ப்பது? இதைக் கேட்டபோது அவர் சொன்ன பதிலில் எனக்கு ஆனந்தமே வந்துவிட்டது. கடலை எண்ணெயை வைத்து! கடலை எண்ணெயின் குரல் மனித உடம்புக் கொழுப்பின் குரலுக்கு மிகவும் நெருங்கியதாம். தண்ணீரில் கடலை எண்ணெயை அளந்து கலந்து, பிரியாமல் இருக்கச் சோப்பு மாதிரி ஒரு பொருளும், கெட்டியாக நிற்கச் சைனா கிராஸும் (நாம் பாலில் காய்ச்சி வெட்டுகிறோமே அந்தக் கடற்பாசிதான், அவர்கள் அகர் என்கிறார்கள்) சேர்த்துச் சின்னப் புட்டிகளில் ஊற்றி உறைய வைக்கிறார்கள். ஒன்றில் எண்ணெயே கிடையாது, ஒன்றில் பத்துப் பங்கு, ஒன்றில் இருபது, இப்படி ஏறிக்கொண்டே போகும். அவற்றை மெஷினுக்குள் வைத்துப் படம் எடுத்தால் ஊற்றின அளவே எண்ணாக வர வேண்டும். வெளிநாட்டில் ஒரே புட்டிகளை ஊர் ஊராக அனுப்பி, மூன்று கம்பெனி மெஷின்களில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எண்கள் நன்றாகவே ஒத்துப் போயிருக்கின்றன. செங்கல்பட்டு ஜில்லாவில் கடலை விளையாத கரம்பு உண்டா? நம் செக்கில் ஆட்டுகிற எண்ணெய் உலகத்து ஸ்கேன் மெஷினுக்கெல்லாம் படிக்கல்லாக இருக்கிறது என்று வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். "அதை முதல்லே கத்திரிக்காய்க்கு அளந்து ஊத்து" என்றார்.

படம் எடுத்த பின்னாலும் தப்பு வர இடம் உண்டு. படத்தில் ஒரு வட்டம் போட்டு அந்த இடத்தின் எண்ணைப் படிப்பார்கள். வட்டம் ரத்தக் குழாய் மேல் விழுந்தால் எண் குறையும். ஓரத்தில் விழுந்து வெளிக் கொழுப்பைத் தொட்டால் கூடும். ஆகவே ஈரலின் எல்லாப் பகுதியிலும் ஒவ்வொரு வட்டமாக ஒன்பது வட்டம் போட்டுச் சராசரி எடுப்பது நல்ல வழக்கம். இடது பக்கம் இதயத்துக்குக் கீழே இருப்பதால் துடிப்பில் படம் கலங்கும். நாம் மூச்சை அடக்காவிட்டால் எல்லாமே கலங்கும். இருபது விநாடி போல மூச்சை அடக்கச் சொல்வார்கள். முதல் நாள் வீட்டிலேயே கடிகாரம் பார்த்துப் பழகிக்கொண்டு போவது நல்லது. தம்பி மனைவியைப் பிள்ளைகள் இரண்டும் எண்ண, திண்ணையில் உட்கார வைத்துப் பழக்கினோம்.

இன்னும் ஒரு குழப்பம். உறவுக்காரர் ஒருவர், "முப்பது வரை பரவாயில்லையாம், 18-க்கு எதுக்கு அழறீங்க?" என்று ஆறுதல் சொன்னார். அது வேறு படி, இது வேறு படி! ஊசியில் எடுத்த சதையைப் பார்ப்பவர்கள் நூறு செல்லில் எத்தனை செல்லுக்குள் கொழுப்புத் துளி இருக்கிறது என்று எண்ணுவார்கள். எம்.ஆர்.ஐ. சொல்வது தண்ணீரும் கொழுப்பும் சேர்ந்ததில் கொழுப்பு எத்தனை பங்கு என்று. கொழுப்புத் துளி இருக்கிற செல் முழுக்கக் கொழுப்பாகவா இருக்கும்? அதனால் எம்.ஆர்.ஐ. எண் எப்போதும் சின்னதாகவே இருக்கும். ஊசிக் கணக்கில் 33-க்கு மேல் போனால் இரண்டாம் நிலை, 66-க்கு மேல் மூன்றாம் நிலை. அதே நிலைகள் எம்.ஆர்.ஐ.யில் ஏறக்குறைய 17, 22 என்று வரும். ஐந்து, ஆறுக்குக் கீழே இருந்தால் சாதாரண ஈரல். இரண்டுக்கும் பெயர் சதவிகிதம் என்பதால் ஒன்றோடொன்றை ஒப்பிட்டு நாம் வீணாக மகிழவும் கூடாது, வீணாக அழவும் கூடாது. ஆபரேஷனுக்கு எது வரை சம்மதிப்பார்கள் என்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். எங்களிடம் பத்துக்குக் கீழே, முடிந்தால் இன்னும் கீழே கொண்டு வாருங்கள், இரண்டு மாதம் நேரம் இருக்கிறது என்றார்கள்.

சரி, ஒல்லியான பெண்ணுக்குக் கொழுப்பு ஏன்? இளம் தாய்மார்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். புனேயில் யாக்னிக் என்று ஒரு டாக்டர். லண்டனில் யட்கின் என்று ஒரு டாக்டர். உயரத்துக்கு எடை பார்க்கிற பி.எம்.ஐ. கணக்கில் இருவரும் ஒரே மாதிரி, 22.3. உடம்புக் கொழுப்பை அளந்து பார்த்தால் வெள்ளைக்காரருக்கு 9.1 சதவிகிதம், நம்மவருக்கு 21.2! இருவரும் தங்கள் படத்தையே போட்டு 2004-ல் லான்செட் பத்திரிகையில் இதை வெளியிட்டார்கள். எடை மெஷின் இருவரையும் ஒன்று என்றுதான் சொல்லும். தம்பி மனைவியின் பி.எம்.ஐ. 22.8. நமக்கு 23-க்குக் கீழே என்றால் சரி என்கிறார்கள், ஆகவே பாஸ். ஆனால் இடுப்புச் சுற்றளவை நான் தையல் டேப்பால் அளந்தேன், 84 சென்டிமீட்டர். இந்தியப் பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும். எடை மெஷின் மறைத்ததை நாலு ரூபாய் தையல் டேப் காட்டிக்கொடுத்துவிட்டது பாருங்கள்.

இது பிறவியிலேயே ஆரம்பிக்கிறதாம். புனேயில் பிறந்த குழந்தைகளையும் லண்டனில் பிறந்த வெள்ளைக்காரக் குழந்தைகளையும் எம்.ஆர்.ஐ.யில் படம் எடுத்து, லண்டன் டாக்டர் நீனா மோடி, யாக்னிக் முதலானவர்கள் 2009-ல் எழுதினார்கள். நம் குழந்தைகள் எடையிலும் நீளத்திலும் சிறிசு. ஆனால் வயிற்றுக்குள்ளேயும் வயிற்றைச் சுற்றியும் கொழுப்பு அதிகம். இதைப் படித்துவிட்டு யாரும் கைக்குழந்தைக்குப் பாலைக் குறைத்துவிடாதீர்கள், சகோதரிகளே! பச்சைக் குழந்தைக்குக் கொழுப்பு வேண்டும். கர்ப்பத்தில் தாய்க்கு நல்ல ஆகாரம் வேண்டும் என்பதும், வளர்கிற பிள்ளைக்கு "கொழுகொழு" என்று ஆவதற்காகத் திணிக்க வேண்டாம் என்பதும்தான் நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது. சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் 541 பேரைப் பார்த்ததில் நூற்றுக்கு 32 பேருக்கு ஈரல் கொழுப்பு இருந்தது. அதுவும் அல்ட்ரா சவுண்டில் பார்த்தது. கொஞ்சக் கொழுப்பை அது தவறவிடும் என்று முன்னாடியே சொன்னேன் அல்லவா?

இரண்டு மாதம் எங்கள் வீட்டில்தான் தம்பி மனைவி இருந்தாள். ஆஸ்பத்திரி டயட்டீஷியன் எழுதிக் கொடுத்த அளவுப்படி நான் சமைத்தேன். இது அவளுக்கென்று எழுதினது என்பதால் அளவுகளை இங்கே போடவில்லை; யாரும் தானாகப் பட்டினி கிடக்கக் கூடாது, ரொம்ப வேகமாக இளைத்தாலும் ஈரலுக்குக் கெடுதல். சோறு ஒரு கரண்டி என்றால் ஒரு கரண்டிதான். சர்க்கரை ஆலை இருக்கிற ஊரில் இருந்துகொண்டு சர்க்கரை இல்லாத காபி! அவரைக்காய், கொத்தவரங்காய், கீரை, சுண்டல், மோர், வாரத்தில் மூன்று நாள் குழம்பு மீன். எண்ணெய்க்குக் கரண்டியை நிறுத்திவிட்டு மருந்து அளக்கிற மூடியால் அளந்தேன். மாமியார் பேச்சு பலித்தது. காலையில் ஸ்டேஷன் வரை, சாயங்காலம் வேடந்தாங்கல் ரோட்டில் கொஞ்ச தூரம் என்று தினம் ஒரு மணி நேரம் நடந்தாள். துணைக்கு நானும் நடந்ததில் என் சர்க்கரையும் இறங்கியிருக்கிறது. பத்து நாளைக்கப்புறம் ஒரு நாள் பிள்ளைகள் சாப்பிட்டு மிச்சம் வைத்த மைசூர்பாகை எடுத்து வாயருகே கொண்டுபோனவள், கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டேன்.

மறுபடி அளக்கும்போது அதே ஆஸ்பத்திரி, அதே மெஷின், அதே முறை என்று கேட்டு வாங்கிக்கொண்டோம். ஒரு எண்ணிலிருந்து இன்னொரு எண்ணுக்கு இறங்கினதா என்று பார்க்கிறபோது படியை மாற்றக் கூடாது. ஒன்றிரண்டு எண் ஏற இறங்க இருப்பதை மாற்றம் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்றும் லேடி டாக்டர் சொல்லியிருந்தார்.

ஸ்கேனுக்குப் போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. நாலு மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். உடம்பில் உலோகம் எதுவும் கூடாது: ஊக்கு, ஹேர்பின், மெட்டி, மூக்குத்தி, கொக்கி வைத்த ஜாக்கெட், ஜரிகைப் புடவை எல்லாம் கழற்ற வேண்டும். தாலிச் சரடைக் கழற்ற மனசு வராதவர்கள் முதல் நாளே மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சள் கட்டிக்கொள்ளுங்கள். இவள் அப்படித்தான் போனாள். அங்கே போய் அழுதுகொண்டு நிற்க வேண்டாம். உடம்புக்குள் பேஸ்மேக்கர், தகடு, காப்பர்-டி எது இருந்தாலும், கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். மெஷின் நெல் மில் மாதிரி சத்தம் போடும், காதுக்குப் பஞ்சு கொடுப்பார்கள்.

எட்டு வாரத்தில் 54 கிலோ 50 ஆனது. இடுப்பு 84-லிருந்து 78. போன வியாழக்கிழமை ஸ்கேன். நான் வாசலில் அவளுடைய மெட்டியையும் சரடையும் முந்தானையில் முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். லேடி டாக்டரே வெளியே வந்து பேப்பரை நீட்டினார். ஒன்பது வட்டம், ஒன்பது எண், கீழே சராசரி 5.2.

ஆபரேஷனுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஆவக்காய் போட்டு எழுதிவிடுகிறேன், மதுராந்தகம் சகோதரி ஜாடியைக் கழுவிக் காய வைக்கட்டும்.